மலிவு எங்கே தொடங்குகிறது? அரச கொள்வனவும் சுற்றாடலும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலையில் அரச அலுவலகமொன்றின் களஞ்சியத்திலும் பிறகு கணக்குக் கிளையிலுமாக 30 வருடத்துக்கு மேல் கதிரை தேய்த்தவன். ஓய்வுபெற்ற பிறகும் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு இரண்டு வகையான ஆட்கள் வருகிறார்கள். அலுவலகங்களுக்குப் பொருள் வழங்கிப் பிழைக்க நினைக்கும் சிறு வியாபாரிகள் ஒரு வகை. "எங்கள் வரிப்பணத்தில் ஏன் ஐயா இந்தக் குப்பைகளை வாங்குகிறார்கள்?" என்று கோபத்தோடு கேட்கும் இளம் பிள்ளைகள் மற்ற வகை. திரும்பத் திரும்பச் சொல்லி வாய் உளைந்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

ஓர் அலுவலகம் வாங்கும் பொருளுக்கும் சுற்றாடலுக்கும் அப்படி என்ன தொடர்பு?

2017க்கு முந்திய ஒரு ஜூன் 5. உலக சுற்றாடல் தினக் கூட்டம். கொள்வனவுக் கட்டளையில் நான் எழுதியது இவ்வளவுதான்: "மதிய உணவுப் பொதி 60, குடிநீர்ப் போத்தல் 60." ரெஜிபோம் பெட்டி, அதற்குள் லஞ்ச் சீட், மேலே ஒரு பிளாஸ்டிக் கரண்டி என்று அறுபதும் வந்து இறங்கின. மண்டபத்தில் பிரதம அதிதி கடல் மாசடைவதைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்பக்கத் தொட்டியடியில் புள்ளிமான் ஒன்று குழம்பு படிந்த லஞ்ச் சீட்டை முதலில் நக்கியது, பிறகு மென்றது, கடைசியில் விழுங்கியது. பிரெட்றிக் கோட்டையிலும் நகரத்து வீதிகளிலும் மான்கள் மாடுகளைப் போல நடமாடும் ஊர் இது. பொலித்தீன் தின்று செத்த மான் இங்கே யாருக்கும் புதினமல்ல. ஆனால் அந்த ஒரு சீட்டு எந்தக் கட்டளையில் வந்தது என்று எனக்குத் தெரியும். கையெழுத்து என்னுடையது.

அறுபது பொதி சின்ன விடயம். மாவட்டத்தின் வைத்தியசாலைகள், பாடசாலைகள், பிரதேச செயலகங்கள், நீர்ப்பாசனம், வீதி, உள்ளூராட்சி மன்றங்கள் எல்லாம் ஒரு வருடத்தில் வாங்குவதைச் சேர்த்துப் பாருங்கள். அரசாங்கத்தை விடப் பெரிய வாடிக்கையாளர் இந்த மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள்? அந்த வாடிக்கையாளர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் கடைக்காரர் கொண்டுவந்து அடுக்குவார்.

"பசுமைக் கொள்வனவு" என்றால் மரக்கன்று வாங்குவதா?

இல்லை. வழக்கமாக வாங்கும் அதே பொருளை, அது செய்யப்பட்ட விதம், பாவிக்கும்போது தின்னும் மின்சாரம், பழுதானபின் போய்ச் சேரும் இடம் ஆகிய மூன்றையும் யோசித்து வாங்குவது. நான்காவதாக ஒன்றும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: வாங்கத் தேவையில்லாததை வாங்காமல் விடுவது.

மிகக் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதியல்லவா?

இதைச் சொல்லியே எத்தனையோ அநியாயம் நடக்கிறது. விதி அப்படிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் போதியளவு இணங்கிவரும் விலைமனுக்களுக்குள், மதிப்பிட்டுப் பார்த்தபின் எது குறைந்ததோ அதற்கே கொடுக்க வேண்டும் என்கிறது. "கேட்டதற்கு இணங்கி" என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் எதைக் கேட்டீர்கள்?

என் கதையையே சொல்கிறேன். ஒரு தடவை விவரக்குறிப்பில், அதாவது என்ன பொருள், என்ன தரத்தில் வேண்டும் என்று எழுதும் தாளில், "எல்ஈடி மின்குமிழ், 12 வற்று, 200" என்று ஒற்றை வரி எழுதினேன். பிற்பகல் இரண்டு மணிக்கு விலைமனுப் பெட்டியைத் திறந்தோம். வந்திருந்த வழங்குநர்களுக்கு முன்னால் விலைகளை வாசித்தோம். மிகக் குறைந்தவருக்குப் போனது. அவர் மீது குற்றமில்லை, கேட்டதைக் கொடுத்தார். ஒரு வருடம் ஆகுமுன் களஞ்சியத்து மூலையில் இரண்டு பெட்டி நிறையச் செத்த குமிழ்கள். பின்னால் கறுத்துப்போன பிளாஸ்டிக், உள்ளே கொப்பளித்த சிறு கொள்ளளவி, இளகிவிட்ட ஒட்டுப் பசை. பாதிக்கு மேல் திரும்ப வாங்கினோம்.

அடுத்த முறை ஒரு பக்கம் எழுதினேன். ஒளி 1,200 லூமனுக்குக் குறையக்கூடாது, மின்சாரத்தை எவ்வளவு சரியாகப் பாவிக்கிறது என்று காட்டும் வலுக்காரணி 0.9; ஆயுள் குறைந்தது 15,000 மணித்தியாலம்; மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கியதற்கான பரிசோதனைச் சான்று; இரண்டு வருடத்துக்குள் பழுதானால் வழங்குநர் தன் செலவில் மாற்றிப் பழையதையும் எடுத்துச் செல்ல வேண்டும். அன்றைக்கும் மிகக் குறைந்த விலைக்குத்தான் கொடுத்தோம். ஆனால் அந்த "மிகக் குறைந்தது" முன்னதைப் போன்ற ஆளல்ல.

குறித்த ஒரு கம்பனியின் பிராண்ட் பெயரை எழுதக்கூடாது என்பது மட்டும் கவனம். அது போட்டியைக் கெடுக்கும். தரத்தையும் செயல்திறனையும் எழுதத் தடையே இல்லை.

பிறகு ஏன் யாரும் எழுதுவதில்லை?

சென்ற வருடக் கோப்பு இருக்கிறதே. திகதியை மாற்றினால் வேலை முடிந்தது. விதியை விட வழக்கம் பலமானது.

இலங்கையில் என்ன விதிகள் இருக்கின்றன?

கொள்வனவை அரச கடதாசிகளில் "பெறுகை" என்பார்கள். நீண்ட காலம் 2006ஆம் ஆண்டுப் பெறுகை வழிகாட்டல்களே எங்கள் வேதம். 2015இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவைக் கொண்டுவந்தது. 2020இல் 20ஆம் திருத்தம் அதை இல்லாமலாக்கியது. 2022இல் 21ஆம் திருத்தம் உயிர்ப்பித்தது. அந்த ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. இதைத் தவிர, நிலைபேறான நுகர்வு, உற்பத்தி பற்றிய தேசியக் கொள்கை 2019இல் வெளிவந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 12.7 என்ற உப இலக்கு அரச கொள்வனவைப் பற்றியதே. அதில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது.

கொள்கைக்குக் குறைவில்லை. அது கொள்வனவுக் கட்டளைப் புத்தகத்தின் வரியாக இறங்கி வருவதற்குள் களைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மாகாண சபை நினைத்தால் தனியாக ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். கிழக்கு மாகாண நிர்வாகத்தின் தலைமையகம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின் ஆளுநரும் செயலாளர்களுமே மாகாணத்தை நடத்தினார்கள். நாட்டின் வழிகாட்டல்களை மாகாணம் மீற முடியாது. ஆனால் அவற்றுக்குள் நின்று, "மாகாணத் திணைக்களங்கள் எல்லாம் இந்த மாதிரி விவரக்குறிப்பையே பாவிக்க வேண்டும்" என்று செயலாளர் ஒருவர் சுற்றறிக்கை அனுப்ப முடியும். சட்டம் இயற்றக் காத்திருக்கத் தேவையில்லை. ஐம்பது முகாமைத்துவ உதவியாளர்கள் ஐம்பது விதமாக மண்டையை உடைக்கவும் தேவையில்லை.

கூடிய விலைக்கு வாங்கினால் கணக்காய்வில் மாட்டிக்கொள்ள மாட்டோமா?

இளம் உத்தியோகத்தர்களின் உண்மையான பயம் இதுதான். கணக்காய்வு ஐயவினா ஒன்று வந்தால் பதில் எழுதும்வரை நித்திரை வராது, எனக்குத் தெரியும். ஆனால் ஐயவினா கேட்பது விலை ஏன் கூடியது என்பதையல்ல, காரணம் கோப்பில் எங்கே என்பதையே.

மின்விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கூரை விசிறி ஏறக்குறைய 75 வற்று. புதிய வகை மோட்டார் பூட்டியது 35 வற்றில் அதே காற்றைத் தரும். வித்தியாசம் 40 வற்று. நாளுக்கு 8 மணித்தியாலம், வருடத்தில் 240 வேலை நாட்கள் என்றால் ஒரு விசிறிக்கு 76.8 அலகு மிச்சம். ஓர் அலகு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 2,304 ரூபாய். புதியது 8,000 ரூபாய் கூடுதல் விலை என்றாலும் மூன்றரை வருடத்தில் கணக்குச் சரி. விசிறி அதன் பிறகும் பல வருடம் சுற்றும். இந்த நாலு வரிக் கணக்கைத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கையில் எழுதி வையுங்கள். ஆயுட்காலச் செலவைக் கணக்கிட்டே தெரிவோம் என்று விலைமனு கோரும்போதே அறிவித்தும் விடுங்கள். பெட்டியைத் திறந்த பிறகு இந்த யோசனை வந்தால் அது சந்தேகத்துக்கு இடமாகும், கணக்காய்வாளர் பிடிப்பதும் நியாயம்.

ஒரு சிக்கலை மறைக்க மாட்டேன். விசிறி வாங்குவது மூலதனச் செலவு, மின்கட்டணம் மீண்டெழும் செலவு. இரண்டும் வரவுசெலவுத் திட்டத்தில் வேறு வேறு தலைப்பு. மிச்சம் பிடித்த பெருமை ஒருவருக்கு, கூடுதல் செலவழித்த பழி இன்னொருவருக்கு. இதற்குத் திறைசேரிதான் வழி சொல்ல வேண்டும்.

பொலித்தீன் தடை ஏற்கெனவே சட்டமாக இருக்கிறதே, இன்னும் எதைப் பேச வேண்டும்?

20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன் 2007இல் தடை. லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் 2017 செப்டெம்பர் 1இலிருந்து. ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, உறிஞ்சுகுழாய், இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை ஆகியன 2023 ஒக்டோபர் 1இலிருந்து. சந்தைக்கு ஒருமுறை போய்வந்தால் சட்டத்தின் பலம் தெரிந்துவிடும். தெருக் கடைக்காரரைப் பிடிப்பது கஷ்டம். அரச அலுவலகமே உணவு வாங்கும்போது "வாழையிலையில் அல்லது கழுவிப் பாவிக்கும் தட்டில் பரிமாற வேண்டும், குடிநீர் பெரிய கொள்கலனில், குவளை வழங்குநருடையது" என்று எழுதுவதற்கு எந்தப் பொலிஸ்காரரும் தேவையில்லை. நான் எழுதினேன். முதல் மாதம் முணுமுணுத்த உணவுக்காரி அக்கா, பிறகு பொதி கட்டும் நேரமும் பெட்டிக் காசும் மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்.

குளிரூட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே என்ன வாயு என்று பாருங்கள். பழைய ஆர்-22 ஓசோன் படையைத் தின்னும். மொன்றியல் உடன்படிக்கைப்படி படிப்படியாகக் கைவிடப்பட்டு வருகிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய 2,100 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாக வளியைச் சூடாக்கும். ஆர்-32 என்றால் அது 675 அளவில். ஆர்-290, அதாவது புரொப்பேன், வெறும் 3 அளவில். தீப்பற்றக்கூடியது என்பதால் பொருத்துபவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். இந்த வாயுக்களைக் குறைக்கும் கிகாலித் திருத்தத்தை இலங்கை 2018இலேயே ஏற்றுவிட்டது.

எங்கள் ஊருக்கென்று ஒன்று உண்டு. உட்துறைமுக வீதிப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ அலுவலகம் இருந்தால் வெளியலகின் செதில்களை உப்புக்காற்று அரித்துத் தூளாக்கிவிடும். குழாய் பொத்துப்போகும், வாயு ஆகாயத்துக்குப் போகும், பிறகு ஆளை அழைத்து மறுபடி நிரப்புவார்கள். கொழும்பில் எழுதிய விவரக்குறிப்பில் அரிப்புத் தடுப்புப் பூச்சு இருக்காது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

மிகப் பெரிய பாதிப்பு எந்தக் கொள்வனவில்?

கட்டடமும் வீதியும். பேனையையும் காகிதத்தையும் பிடித்துக்கொண்டு தொங்குவோர் இதைக் கவனிப்பதில்லை.

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி எங்கள் கொட்டியாரக்குடாவில்தான் கடலைத் தொடுகிறது. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஆற்று மணல் ஏற்றும் டிப்பர்களைப் பார்க்காதவர் இல்லை. அளவுக்கு மிஞ்சி அள்ளினால் படுக்கை தாழும், கரை இடியும், உப்புநீர் உள்ளே ஏறி வயலையும் கிணற்றையும் கெடுக்கும். அந்த மணலின் பெரிய வாடிக்கையாளர்களில் அரச ஒப்பந்தகாரரும் அடக்கம். பாடசாலைக் கட்டடம், மதகு, வடிகான் எல்லாம் அதிலேதான் எழுகின்றன. மணலுக்கு 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போதும்: ஒவ்வொரு கொடுப்பனவுப் பட்டியலோடும் மணல் கொண்டுவந்த அனுமதிப்பத்திரங்களின் பிரதிகள் இணைக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் மணலுக்குக் காசில்லை. இரவில் ஏற்றிய மணலுக்குக் கடதாசி இருக்காது.

சீமெந்தும் அப்படித்தான். சுண்ணாம்புக்கல்லை 1,450 பாகைச் சூட்டில் சுட்டு, அரைத்தால் சீமெந்தாகும் கட்டியான கிளிங்கரைச் செய்யும்போது தொன்னுக்கு 800 கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியேறும். அதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதல்ல, கல்லுக்குள் இருந்தே வருவது. ஆகவே அடுப்பை மாற்றியும் முழுதாகத் தப்ப முடியாது. அனல்மின் நிலையத்துப் பறக்கும் சாம்பலைக் கலந்த சீமெந்தில் கிளிங்கரின் பங்கு குறைவு. ஈரமும் உப்பும் உள்ள நிலத்தில் அத்திவாரத்துக்கு அது நல்லதும்கூட. சீனக்குடாவில் சீமெந்து ஆலையை வைத்துக்கொண்டிருக்கும் மாவட்டம் இதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறது. பொறியியலாளர் அனுமதிக்கும் வேலைகளுக்குக் கலப்புச் சீமெந்தும் ஏற்கப்படும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மின்சாரமும் கொள்வனவுதானா?

ஆம், மிகப் பெரிய கொள்வனவுகளில் ஒன்று. சம்பூர்க்காரருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. அங்கே 500 மெகாவற்று நிலக்கரி நிலையம் வரப்போகிறது என்றார்கள், 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவற்று சூரிய மின் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது. காணி இழந்தவர்களின் கதை தனி. இந்தப் பக்கத்தில் அடங்காது.

"இயற்கையானது", "சேதனம்" என்று எழுதியிருந்தால் நம்பி வாங்கலாமா?

2021ஐ மறந்துவிட்டீர்களா? இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியது அரசாங்கம். கந்தளாயிலும் மூதூரிலும் விவசாயி கையைப் பிசைந்து நின்றார். பதிலுக்குச் சேதனப் பசளை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது, 20,000 தொன். மாதிரிகளில் தீங்கான பக்ரீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுநோய்த் தடுப்பு அதிகாரிகள் சொன்னார்கள், விற்றவர் மறுத்தார். கப்பல் வாரக்கணக்கில் கடலில் சுற்றியது, சரக்கு இறங்கவேயில்லை, கடைசியில் 2022 ஜனவரியில் ஏறக்குறைய 67 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்த்தோம். ஒரு மூட்டைகூட வயலுக்கு வரவில்லை.

நான் அதைப் பசளைக் கதையாகப் பார்ப்பதில்லை, கொள்வனவுக் கதையாகவே பார்க்கிறேன். மாதிரியை யார் எடுப்பது, எந்த ஆய்வுகூடம், கப்பலில் ஏற்ற முன்னா பின்னா, தேறாவிட்டால் காசு யாருடையது? இவையெல்லாம் ஒப்பந்தம் எழுதும் நாளில் முடிய வேண்டியவை. அவசரத்தில் வாங்கும் பசுமை மலிவு விலைக் குமிழை விட மோசமாகப் புகையும்.

பனையோலைப் பொருள் செய்யும் எங்கள் பெண்கள் இதற்குள் நுழைய முடியுமா?

முடியும், இரண்டு தடைகளைத் தாண்டினால். முதலாவது, வழங்குநர் பதிவு. வருட முடிவில் அலுவலகங்கள் அடுத்த வருடத்துக்கான பதிவுக்கு விளம்பரம் செய்யும். அந்த விளம்பரத்தைத் தவறவிட்டால் வருடம் முழுக்க வெளியேதான். சங்கமாக வியாபாரப் பெயர் பதிந்து, "எழுதுபொருள், காகிதாதிகள்" என்ற வகையில் விண்ணப்பியுங்கள். கோப்புறை, கூட்டப் பை, குப்பைக் கூடை எல்லாம் அதற்குள் வரும். சிறிய தொகைக் கொள்வனவுக்குக் குறைந்தது மூன்று விலைமனு வேண்டும் என்பதால் பதிந்தவர்களுக்குக் கடிதம் வர வாய்ப்பு உண்டு.

இரண்டாவது தடை காசு. இன்றைக்குக் கொடுத்த பொருளுக்கு மூன்று மாதம் கழித்துக் காசோலை வந்தால் ஓலை வாங்கிப் பின்னுகிறவர் எப்படித் தாங்குவார்? பெரிய கடை தாங்கும். சுற்றாடலுக்கு உதவ விரும்பும் கணக்காளர் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் பட்டியலை மேசையில் கிடத்தாமல் விடுவதுதான்.

டிசம்பரில் மட்டும் ஏன் இவ்வளவு பொருள் வந்து குவிகிறது?

டிசம்பர் 31க்குள் செலவழிக்காத ஒதுக்கீடு திறைசேரிக்குத் திரும்பிவிடும்; அடுத்த வருடம் அந்தத் தலைப்பை வெட்டிவிடுவார்களோ என்ற பயம் வேறு. எனவே மார்கழி மழையில் தார்ப்பாய் மூடிய லொறிகள் வந்து நிற்கும். ஒரு டிசம்பரில் எனக்கு வந்த அச்சு மைப் பேழைகள் எந்த அச்சுப்பொறிக்கும் பொருந்தவில்லை. அந்த அச்சுப்பொறியை மூன்று வருடத்துக்கு முன்பே ஏலம் விட்டிருந்தோம். பெறுகைத் திட்டத்தை ஜனவரியில் உண்மையாக எழுதினால் இது பாதியாகக் குறையும்.

பழுதான கணினி, மைப் பேழை எல்லாம் எங்கே போகின்றன?

வருட முடிவுப் பொருட்கணக்கெடுப்பில் கழித்து, ஏலம் விட்டு, பழைய இரும்புக்காரர் செம்புக்காகக் கம்பியை எரிக்கும் இடத்துக்கு. வாங்கும் ஒப்பந்தத்திலேயே "பழையதைத் திருப்பி எடுத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்றவரிடம் ஒப்படைத்த பற்றுச்சீட்டு" கேளுங்கள்.

வெளிநாடுகளில் இப்படிச் செய்கிறார்களா?

யப்பான் 2000இலேயே பசுமைக் கொள்வனவுக்குச் சட்டம் செய்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், அரச கட்டடங்களுக்கு வாங்கும் உருக்கு, கண்ணாடி போன்றவற்றின் காபன் அளவுக்கு வரம்பிடும் சட்டத்தை 2017இல் நிறைவேற்றியது. ஆனால் எங்களுக்கும் ஒரு முன்னோடி இருந்தது. வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலிலிருந்து காகிதம் செய்த காலத்தில் எங்கள் கொப்பிகள் கொஞ்சம் மஞ்சளாக, பேனை முனை தடக்கும்படி இருக்கும். குறை சொல்லிக்கொண்டே எழுதினோம்.

சாதாரண ஆள் ஒருவர் என்ன செய்யலாம்?

2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. எந்த அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் உண்டு. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குமேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள். விலையைக் கேட்காதீர்கள், விவரக்குறிப்பைக் கேளுங்கள். "இந்த வருடம் வாங்கிய மின்குமிழ்களின் விவரக்குறிப்புப் பிரதி, அதே பொருளின் முந்திய மூன்று வருட விவரக்குறிப்புப் பிரதிகள்" என்று எழுதினால் போதும். பக்கத்து வீதிப் பையன் ஒருவன் அப்படியே எழுதி, வேறொரு அலுவலகத்திடமிருந்து பதில் வாங்கிக்கொண்டு போன மாதம் வந்தான். நாலு வருடத்துக்கும் ஒரே வரி. "எல்ஈடி மின்குமில், 12 வற்று." குமிழுக்கு "ல்" போட்டிருக்கிறார்களே, யார் ஐயா இதை எழுதியது என்று சிரித்தான். அந்த அலுவலகம் ஒரு காலத்தில் எங்களிடம் கோப்பை இரவல் வாங்கிப் பிரதி எடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த ஒற்றை வரியைத் தட்டச்சு செய்த அன்று "ழ" விசை இறுகியிருந்ததும்.